பயிற்சியும் பசியும்



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவிலே, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கழகம் அமைய வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழியும் பொறுப்பை எனக்கு அளித்திருக்கிறீர்கள். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷமேனும் மூச்சு வாங்கும்படி உடலை உழைக்கவிட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களாவது எலும்புக்கும் தசைக்கும் வலிமையூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துரைக்கிறது. ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் பெரும்பாலும் கால்களே உழைக்க, ஜிம்னாஸ்டிக்ஸிலோ கம்பியில் தொங்கவும், கைகளை ஊன்றி உடலைத் தாங்கவும், குட்டிக்கரணமிட்டு எழவும், பத்தே சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையின்மேல் தடுமாறாமல் நடக்கவும் பழகுவதால், சரீரம் முழுவதும் ஒருசேர விழித்துக்கொள்கிறது.

இது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய வித்தை என்று எவரும் எண்ண வேண்டாம். திரிபுராவின் அகர்தலாவிலே, தட்டையான பாதங்களோடு பயிற்சிக்கு வந்த தீபா கர்மாகர் என்ற சிறுமி, அந்தக் குறையைப் பயிற்சியினாலேயே வென்று, 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் போட்டியின் இறுதிச் சுற்றில் நான்காம் இடத்தைப் பெற்றார். நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரத்துப் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் ஏறித் தலைகீழாக நிற்பதைக் கண்டவர்கள், வழவழப்பாக இழைத்து ஆமணக்கெண்ணெய் பூசிய ஒரு மரக்கம்பமும், ஒரு கயிறும், விழுந்தால் தாங்க ஒரு மெத்தையும், அருகிலேயே நிற்கும் சிரத்தையுள்ள ஆசிரியரும் இருந்தால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதை அறிவார்கள்.

ஆயினும், நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் வேறு. ஒரு மணி நேரம் துள்ளிக் குதித்த குழந்தைக்கு நல்ல பசி எடுக்கும். அந்தப் பசியை உண்டாக்கிய கழகம், அதற்கு என்ன ஆகாரம் கிடைக்கிறது என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியிலே பரவிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பமான காலை உணவும் நம் மாநிலத்தின் பெருமைகள். காலையிலும் நண்பகலிலும் பிள்ளையின் வயிற்றுக்கு இவ்வாறு ஒரு காவல் ஏற்பட்டிருக்க, மாலைப் பொழுதுக்கு மட்டும் காவல் இல்லை. அந்த வேளையிலேதான், கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளும் சர்க்கரை கரைத்த வண்ண பானங்களும், பயிற்சியினால் கிடைத்த நன்மையில் பெரும்பகுதியைப் பறித்துக்கொள்கின்றன.

நம் பழைய தேகப்பயிற்சிச் சாலைகளில், தண்டாலும் பஸ்கியும் முடித்து, கர்லாக்கட்டையைக் கீழே வைத்தவனுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையைக் கொடுத்தார்களே, அது ஆழ்ந்த அனுபவத்தின் விளைவு. உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. அதே அளவு கேழ்வரகில் வளரும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. ஆகவே, பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு கிண்ணம் சுண்டலோ, கேழ்வரகு அடையோ, கடலை உருண்டையோடு ஒரு வாழைப்பழமோ உண்டு எழுவதைப் பாடத்தின் கடைசிப் பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஆகாரத்தைப் பற்றி நூறு முறை உபதேசித்தும் மாறாத குழந்தை, தோழர்களோடு பகிர்ந்து உண்ணும்போது தானாகவே அந்த ருசிக்குப் பழகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். உடல் இலேசாக இருந்தால்தான் வித்தை வரும் என்று சொல்லிக் குழந்தைகளைப் பட்டினி போடும் கொடுமை இந்தத் துறையில் நேர்ந்ததுண்டு. அமெரிக்காவின் சிறந்த வீராங்கனையாக விளங்கிய கிறிஸ்டி ஹென்ரிச், உணவை வெறுக்கும் நோய்க்கு ஆளாகி, 1994-ஆம் ஆண்டில் தம் 22-ஆம் வயதிலேயே உயிர் நீத்தார். ஆகையால், நம் கழகத்தில் எந்தக் குழந்தையையும் பிறர் முன்னிலையில் எடை பார்த்து இகழக் கூடாது; பருமனான பிள்ளையையும் மெலிந்த பிள்ளையையும் ஒரே அன்போடு வரவேற்க வேண்டும்; எத்தனை பதக்கங்கள் வந்தன என்பதைக் காட்டிலும், கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளை எத்தனை மாதம் விடாமல் வந்தது என்பதையே நம் வெற்றிக்கு அளவாகக் கொள்ள வேண்டும்.

அன்பர்களே, நகராட்சியார் சமூகக் கூடத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடட்டும். வர்த்தகப் பெருமக்கள் மெத்தைகளுக்கும் சுண்டலுக்கும் கொடை தரட்டும். தாய்மார்கள் முறை வைத்து அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். தந்தைமார்கள் மகனைப் போலவே மகளையும் கைப்பிடித்து அழைத்து வரட்டும். இந்தத் தீர்மானத்தைக் கரவொலியோடு நிறுத்திவிடாமல், கூட்டம் கலையுமுன்னே அவரவர் ஏற்கும் பணியைப் பெயரோடு எழுதிக் கொடுத்துச் செல்லுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.