நீர்க்கடுப்பும் நம்ம கூச்சமும்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. சுகாதாரப் பயிற்சியில தெரிஞ்சுக்கிட்டதை உங்ககிட்ட சொல்ல வந்திருக்கேன்.

நீர்க்கடுப்பு வந்தா உடம்பு சூடுன்னு மோரைக் குடிச்சிட்டு, யார்கிட்டயும் சொல்லாம இருந்துடுறோம். ஆனா பெண்கள்ல சுமார் பாதிப் பேருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது கிருமியால இது வருது. பெரும்பாலும் ஈ.கோலி என்ற பாக்டீரியாதான் காரணம். அது நம்ம குடல்லயே இருக்கிறது. நமக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. அதனால நமக்குச் சுலபமா மேலே ஏறிடுது.

சிறுநீர்ப்பையின் உள்சுவர் செல்கள் மேலே சில புரதங்கள் இருக்கு. அதெல்லாம் நம்ம உடம்பு தன் வேலைக்காக வச்சிருக்கிறது. பாக்டீரியாவுக்கு மயிரிழை மாதிரி நீட்சிகள் உண்டு. அந்த நுனி, சேலையில நாயுருவி ஒட்டுற மாதிரி, இந்தப் புரதத்தைப் பிடிச்சுக்கும். சிறுநீர் ஓட்டம் இழுத்தா பிடி இன்னும் இறுகும்.

பை நிறைஞ்சா விரியும், காலியானா சுருங்கும். சுருங்கும்போது செல் தன் மேல்பரப்பைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கும். ஒட்டின கிருமியும் கூடவே உள்ளே போயிடும். அங்கே மருந்து சரியா எட்டாது. அது பெருகி, பிறகு வெளியே வரும். சிலருக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வர இதுவும் ஒரு காரணம்.

அதனால எரிச்சல் நின்னதும் மாத்திரையை நிறுத்தாதீங்க. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்க. மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்காதீங்க. திரும்ப வந்தா சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை கேளுங்க. குளிர்காய்ச்சலும் விலாப்பக்கம் வலியும் இருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கர்ப்பமா இருக்கிறவங்க எரிச்சல் இல்லைன்னாலும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

தண்ணி நல்லா குடிச்சு, அடக்காம போனா, ஒட்டாத கிருமியெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும். ஆனா போக இடம் வேணுமே! காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போறவங்க, இடம் இல்லாததால தண்ணி குடிக்காமலே இருக்கோம். வேலை நடக்கிற இடத்துல பெண்களுக்கு மறைவான கழிப்பிடம் வேணும்னு, ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போட்டு கிராம சபையில குடுக்கணும்னு கேட்டுக்கிறேன். வியாதியைச் சொல்றதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.