கருப்பொருளில் உணவும் தொழிலும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றின் பின் தொழிலையும் அவ்வரிசையிலேயே சேர்த்தார். உணவையும் தொழிலையும் சேர்த்தறிந்தாலன்றி ஒரு நிலம் விளங்காது என்பதே அவ்வைப்புமுறை உணர்த்தும் செய்தி.

விடுமுறையில் மதுரையிலிருந்து தெற்கே புறப்படும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முதல்நாள் இரவு விருதுநகர். கொதிக்கும் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுத்த எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவைத்து உண்கிறார்கள். மறுநாள் காலை சாத்தூரில் காராச்சேவு. பிற்பகலில் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா. பாலும் சர்க்கரையுமன்றி வேறொன்றும் வேண்டாத அவ்வினிப்பு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இடையில் சிவகாசியில் பட்டாசு வாங்க மட்டும் வண்டி நிற்கிறது. அங்கே சுவைக்க எதுவுமில்லை என்பது பயணியின் கணக்கு.

இந்தச் சுவைகளுக்கும் சிவகாசிக்கும் தாய் ஒருத்திதான். அவள் பெயர் வறட்சி. வானம் பார்த்த இந்தப் பூமியில் நெல்லை மட்டும் நம்பி வாழ இயலாது. கடலையும் எள்ளும் எண்ணெயாயின; மிளகாய் வற்றலாயிற்று; கறவை மாடு துணைநின்றது. கெடாமல் நெடுந்தொலைவு செல்லும் பண்டங்களை ஊர்கள் விற்கக் கற்றன. அதே வறட்சிதான் ஈரம் ஆகாத தொழிலுக்கும் இடந்தந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பட்டாசு அதன் பின்னே வந்தது.

சிவகாசியில் உணவு இல்லாமல் இல்லை. விடியுமுன் எழுந்த பெண் சோறும் குழம்பும் ஆக்கித் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு ஆலை வண்டி ஏறுகிறாள். பட்டாசு ஆலைக்குள் நெருப்புக்கு இடமில்லை. தீக்குச்சி ஒன்றைக்கூட உள்ளே கொண்டுசெல்லக் கூடாது. ஆகவே நண்பகலில் அவள் உண்பது ஆறிய சோறு. நாடெங்கும் தீபாவளிக்கு நெருப்பு வழங்கும் கைகள் தம் சோற்றைச் சூடாக்க நெருப்பின்றி உண்கின்றன. அந்தச் சோற்றுக்குக் குறியீடும் இல்லை, விளம்பரப் பலகையும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தவறிய ஒரு பொறி எதைப் பறிக்கும் என்பதை அந்த நாள் சொல்லும். ஆறிய சோறு அந்த அச்சத்தின் விலை.

விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர், முதலமைச்சராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்க வழிசெய்தார். நண்பகலில் ஒரு பிள்ளை எங்கே அமர்ந்து உண்கிறது என்பதே அதன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதை இந்த மண்ணின் மகன் அறிந்திருந்தார்.

பயணக் கட்டுரைகளும் கவிதைகளும் இவ்வூர்களின் சுவையைப் பாடட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் நாவுக்கு எட்டியதோடு நின்றுவிடும் எழுத்து, தொல்காப்பியர் சேர்த்துவைத்ததைப் பிரித்துவிடுகிறது. பால்கோவாவைப் பாடும் கவிஞர் அடுப்பருகே இடைவிடாது கிளறும் கையையும் பாட வேண்டும். மத்தாப்பூவைப் பாடுபவர் தூக்குச்சட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். கரிசலின் கருப்பொருள் அப்போதே முழுமை பெறும்.