கதை வழியே எழுத்து

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

நான் புலவனும் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவனும் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழிப்பவன். அத்தகைய ஒருவனைத் 'தொடக்கக் கல்வியில் கதைகள்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்ததற்குக் காரணம் ஒன்றே. சென்ற ஆண்டு நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்தும் பொறுப்பு என்மீது விழுந்தது. அங்கு நான் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே மிகுதி. அதனையே தங்கள்முன் கூற விழைகிறேன்.

நாம் வாழும் இச்சந்தாபுராவிலிருந்து ஓசூர் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றால் அத்திப்பள்ளி. அதனைக் கடந்தால் தமிழகம். எல்லை இவ்வளவு அருகில் இருப்பினும், நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து நெடுந்தொலைவில் நிற்கிறது. அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆயின், ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைக் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னால், தாயின் முகத்தை நோக்குகின்றனர். கன்னடம் நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி. அதனை அவர்கள் செவ்வனே பயில்வதில் நமக்கு மகிழ்ச்சியே. அதனோடு தாய்மொழி எழுத்தும் அவர்கள் கைவிட்டுப் போகாதிருக்க வேண்டும் என்பதே நமது கவலை.

வகுப்புத் தொடங்கிய நாளில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். நான் சிறுவயதில் எவ்வாறு கற்றேனோ அவ்வாறே கற்பிக்கத் தொடங்கினேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக எழுத்துகள் 247. வாரத்திற்கு ஒரு வரிசையைக் கரும்பலகையில் எழுதினேன். பத்து முறை எழுதிவரப் பணித்தேன். ககர வரிசை முடிந்தபோது பதினைந்து பேர் இருந்தனர். தகர வரிசைக்கு வந்தபோது எஞ்சியவர் அறுவர். அவ்வறுவருள் இருவர் என் மக்கள். அவர்களுக்கு வராதிருக்க வழியில்லை!

வகுப்பை மூடிவிடலாம் என்று நான் எண்ணியிருந்த ஒரு ஞாயிறன்று பெருமழை பெய்தது, மின்விளக்கும் அணைந்தது. பேரனை அழைத்துச் செல்ல வந்திருந்த ஒரு பாட்டியார், "தம்பி, மழை விடுகிறவரைக்கும் நான் ஒரு கதை சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். அவர் சொன்னது, தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை. தங்களிற் பலர் மடியில் கிடந்து கேட்ட கதைதான் அது. ஈ கன்றைக் கேட்கிறது, கன்று அறியாது. பசுவைக் கேட்கிறது, பசுவும் அறியாது. மேய்ப்பவனையும், அவன் கைக்கோலையும், கோல் வந்த மரத்தையும், மரத்திலிருந்த கொக்கையும், கொக்கு நீராடும் குளத்தையும், குளத்து மீனையும் கேட்டுக்கேட்டு, இறுதியில் குதிரையிடம் செல்கிறது. ஒவ்வொருவரையும் கேட்கும்போது முன்னே வந்த பெயர்களையெல்லாம் வரிசை பிறழாமல் சொல்லவேண்டும். மூன்றாம் முறைக்குள் பிள்ளைகளும் பாட்டியாருடன் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டனர். முடிவில் குதிரை கனைக்கிறது. அக்கனைப்பிலேயே ஈயின் பெயர் கிடைத்துவிடுகிறது!

நான் எழுந்து சென்று, கரும்பலகையில் 'ஈ' என்று எழுதினேன். பிள்ளைகள் ஒரு கணம் பேசாதிருந்தனர். ஒரே எழுத்து, அதுவே ஒரு சொல், அதுவே அக்கதை முழுதும் தேடிய விடை. உயிரெழுத்து வரிசையில் நான்காவதாக நான் முன்பே கற்பித்த எழுத்துத்தான் அது. அன்றுவரை அதனை எவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அன்றோ, அதனைத் தம் கையால் எழுதிப்பார்க்க ஒருவரையொருவர் முந்தினர்.

அடுத்த வாரம் பழைய நாட்காட்டித் தாள்களை அட்டைகளாக வெட்டி, பின்புறத்தில் கன்று, பசு, கோல், மரம், கொக்கு, குளம், மீன், குதிரை எனப் பெரிய எழுத்தில் எழுதினேன். கதையின் வரிசைப்படி அவற்றை அடுக்கவேண்டும் என்பதே விளையாட்டு. கொக்கு வரவேண்டிய இடத்தில் ஒருவன் கோலை வைத்தான், மற்றவர் கூச்சலிட்டனர். 'கொ' குறில், 'கோ' நெடில் என்று நான் பல வாரம் சொல்லியும் ஏறாதது, அக்கூச்சலில் ஏறிற்று. குளத்திற்கும் குதிரைக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதை அவர்களே கண்டு எனக்குச் சொன்னார்கள்.

என் பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். ஆர்வ மிகுதியால், "இக்கதையினால் நாம் அறியும் நீதி யாது?" என்று கேட்டேன். முகங்கள் வாடின. ஒரு சிறுமி, "மாமா, இதுவும் பரீட்சையா?" என்றாள். அன்றோடு அக்கேள்வியை விட்டுவிட்டேன். கதை, கதைக்காகவே சொல்லப்பட வேண்டும். கல்வி அதன் பின்னே தானாக வரும். அதனை முன்னே இழுத்து நிறுத்தினால் இரண்டும் போய்விடும்.

இஃது என் கண்டுபிடிப்பு அன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். குசராத்து மாநிலத்தில் கிஜுபாய் பதேகா (1885-1939) என்னும் பெரியார் வழக்கறிஞர் தொழிலை விடுத்து ஆசிரியரானவர். 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியை நிறுவியவர். 'பகற்கனவு' எனப் பொருள்படும் 'திவாஸ்வப்னா' என்னும் அவரது நூல் தமிழிலும் மொழிபெயர்க்கப் பெற்றுள்ளது. அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஏற்கிறார். முதல்நாள் அவருடைய திட்டம் கூச்சலில் கலைந்துபோகிறது. மறுநாள் ஒரு கதையைத் தொடங்குகிறார், வகுப்பு அமைதியாகிறது. பாடம் எப்போது தொடங்கும் என்று பிறர் கேட்கின்றனர். பாடம் தொடங்கிவிட்டது என்பதை அந்நூல் முழுதும் காட்டுகிறது.

நமது கர்நாடகத்திலும் 1995-இல் மைசூரு மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில் 'நலி கலி' என்னும் முறை தோன்றிற்று. பாட்டும் கதையும் அட்டையும் கொண்டு, மகிழ்ந்து கற்கச் செய்வது அதன் நோக்கம். பின்னர் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் அது பரவியது. தமிழகத்தில் 2023-இல் தொடங்கப்பெற்ற வாசிப்பு இயக்கம், சிறு கதை நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளித்தது.

"கதை கேட்டால் மதிப்பெண் வருமா?" என்று பெற்றோர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வியே. ஒரு கதையை இறுதிவரை கேட்கும் பிள்ளை, முன்னே நடந்ததை நினைவில் வைக்கிறது; பின்னே நடப்பதை ஊகிக்கிறது; வீட்டுப் பேச்சில் வாராத சொற்களைப் பொருளோடு கொள்கிறது. கணக்கோ, அறிவியலோ, எப்பாடத்திற்கும் இவை வேண்டுவன அல்லவா?

ஆகவே, இச்சபையின்முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, நம் குடியிருப்பிலுள்ள பாட்டிமாரும் தாத்தாமாரும் மாதம் ஒரு ஞாயிறேனும் வகுப்பிற்கு வந்து ஒரு கதை சொல்லவேண்டும். இரண்டாவது, வீட்டில் நாள்தோறும் கால்மணி நேரம் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டவேண்டும். நூல் வாங்க இயலாதோர்க்கும் வழியுண்டு. 2004-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' என்னும் தளத்தில் கதைகளை இலவசமாகப் படிக்கத் தருகிறது. தமிழிலும் கன்னடத்திலும் கதைகள் உள, கைப்பேசியிலேயே படிக்கலாம்.

மூன்றாவது விண்ணப்பம் நம் செயற்குழுவிற்கு. சங்கத்தின் பீரோவில் அன்பர்கள் அளித்த சிறுவர் கதைநூல்கள் இருக்கின்றன. பிள்ளைகள் கிழித்துவிடுவர் என்று அஞ்சிப் பூட்டி வைத்திருக்கிறோம். கிழிந்த நூலை ஒட்டிக்கொள்ளலாம். படிக்கும் பருவம் கடந்த பிள்ளையை என் செய்வது? அச்சாவியை ஞாயிறுதோறும் வகுப்பிற்குத் தந்துதவுமாறு வேண்டுகிறேன். கிழியும் நூல்களை ஒட்டித் தரும் பொறுப்பு என்னுடையது.

இப்போது வகுப்பிற்குப் பதினெண்மர் வருகின்றனர். சென்ற வாரம், கதை சொன்ன அப்பாட்டியாரின் பேரன், இவ்விழாவின் அழைப்பிதழை எழுத்துக்கூட்டி அவருக்குப் படித்துக் காட்டினான். 'ஆண்டு விழா' என்பதை 'ஆண்டு விலா' என்று படித்தான். பாட்டியார் எழுத்தறியார், ஆயினும் ஒலியறிவார். உடனே திருத்தினார். அவன் மீண்டும் சரியாகப் படித்தான். கதை கொடுத்தவருக்கு எழுத்து திரும்பி வந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.