நிறுவலும் வாசிப்பும்

(திருப்பத்தூர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்தி கணித மென்பொருள்களைப் பற்றிப் பேச வரலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். கணிதத்தார் 'நிறுவல்' என்று கூறுவதும் ஒரு பனுவலே. அதை ஒருவர் எழுதுகிறார். மற்றொருவர் படித்து ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். பனுவலை வாசிப்பது நம் தொழில். அந்த உரிமையில்தான் இங்கு நிற்கிறேன்.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை உணர்த்துகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளையும் அவற்றில் நேரும் போலிகளையும் வகைப்படுத்திக் காட்டுகிறார். மலையில் புகை கண்டு தீயை உணர்வோர், அடுக்களையை எடுத்துக்காட்டாகச் சொல்வர். கணிதத்திலோ ஆயிரம் எடுத்துக்காட்டு சொன்னாலும் ஒரு கூற்று நிறுவப்பட்டதாகாது.

இதற்கு நம் இராமானுசனே சான்று. 1913ஆம் ஆண்டு ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குட்பட்ட பகா எண்கள் எத்தனை என்பதற்கு ஒரு வாய்பாடு கண்டதாக அவர் குறித்திருந்தார். கணக்கிட்டுப் பார்த்த எண்களுக்கு அது வியக்கத்தக்க அளவில் ஒத்துவந்தது. அவர் உரிமை கொண்டாடிய அளவுக்கு உண்மையாக இல்லை. பலகையில் போட்டு அழித்த வழிகளை விட்டுவிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார் அவர். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். பிழைபட்டவை மிகச் சிலவே. ஆயினும் அச்சிலவற்றைப் பிரித்தறிய ஒருவரின் வாழ்நாள் உழைப்புத் தேவைப்பட்டது. சூத்திரம் ஒருவர் செய்ய, உரை மற்றொருவர் எழுதிய கதைதான் இதுவும்.

உரையாசிரியரும் சோர்ந்துவிடும் நிறுவல்கள் உண்டு. நம் பேருந்து நிலையத்துப் பழக்கடையில் சாத்துக்குடிகளை அடுக்கும் முறையே இடத்தை மிகச் சிக்கனமாக நிரப்பும் முறை என்று 1611இல் கெப்ளர் கூறினார். தாமஸ் ஹேல்ஸ் என்பார் 1998இல் அதை நிறுவியதாக அறிவித்தார். பன்னிரண்டு மதிப்பீட்டாளர்கள் சில ஆண்டுகள் முயன்று, தொண்ணூற்றொன்பது விழுக்காடு உறுதி என்று மட்டும் சொல்லி ஓய்ந்தனர். மீதமுள்ள ஒரு விழுக்காட்டுக்காக ஹேல்ஸ் 2003இல் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு படியையும் கணிப்பொறியே சரிபார்க்கும்படி எழுதி, 2014இல் முடித்தார். அவருடைய குழுவில் வியட்நாம் நாட்டவர் பலர் இருந்தனர். ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவியும் வேண்டாத பணி என்பதால் நம் மாணவர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இத்தகைய மென்பொருள்களை நிறுவல் துணைக்கருவிகள் எனலாம். போலந்தில் 1973இல் பிறந்த மிசார், கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பால்சன் 1986இல் தொடங்கிய இசபெல், பிரான்சில் வளர்ந்து அண்மையில் ராக் எனப் பெயர் மாறிய கோக், ஹேல்ஸ் பெரிதும் கையாண்ட ஹால் லைட், 2013இல் லியனார்டோ டி மௌரா உருவாக்கிய லீன் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் பலவற்றுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. ஆம்பூரில் காலணிகளை எத்தனை கைகள் வெட்டினாலும் தைத்தாலும், ஏற்றுமதிக்குமுன் சரிபார்ப்பவரின் கை ஒன்றே. அதுபோல நிறுவலை யார் எழுதினாலும், மென்பொருளின் சிறிய உட்கரு ஒன்றுதான் அதை ஏற்கும் அல்லது தள்ளும். அவ்வுட்கரு சிறிதாயிருக்க, நம் நம்பிக்கை பெரிதாகும். இதில் ஹால் லைட்டுக்கே முதலிடம் தரலாம்.

வாசிப்பு என்னும் அளவுகோலை எடுத்தால் வரிசை மாறும். மிசாரிலும் இசபெல்லிலும் எழுதிய நிறுவலைக் கணிதம் கற்றவர் ஓரளவு உரைநடையாகவே படிக்கலாம். கோக்கிலும் லீனிலும் எழுதியவை பெரும்பாலும் ஏவல் வினைகளின் அடுக்கு. கணிப்பொறியில் ஓடவிட்டுப் பார்த்தாலன்றி இடையில் நிகழ்வது விளங்காது. எனினும் இன்று இளைஞர் கூட்டம் லீனிடத்தில்தான். காரணம் அதன் நூலகம். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தேற்றங்களை ஒரே கட்டமைப்பில் கோத்து வைத்திருக்கிறார்கள். பீட்டர் சோல்ட்சே என்னும் பேரறிஞர் தம் நிறுவல் ஒன்றில் தமக்கே முழு உறுதி இல்லை என்று 2020இல் அறைகூவல் விடுத்தபோது, லீன் குழுவினர் 2022இல் அதைச் சரிபார்த்து முடித்தனர். அத்தகைய மனிதர் தம் ஐயத்தை ஊரறியச் சொன்னது எனக்கு அந்தத் தேற்றத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் ஒன்று. லீனிலும் இசபெல்லிலும் ஒன்றைச் சுழியால் வகுத்தால் சுழி! நம் பள்ளியில் அப்படி எழுதினால் என்ன கிடைக்கும் என்பது தெரிந்ததே. அது பிழையன்று, வசதிக்காகச் செய்துகொண்ட வரையறை. அதனால் முரண்பாடு எதுவும் விளைவதில்லை. ஆயினும், அங்கே 'வகுத்தல்' என்னும் சொல்லைக் காண்பவர் பாடநூல் வகுத்தலென்று கருதினால், தேற்றத்தின் பொருளைத் தவறாகக் கொள்வார். படிகள் சரியா என்பதை உட்கரு சொல்லும். எழுதிய கூற்று நாம் கருதிய கூற்றுத்தானா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வரையறைகளை வரி வரியாகப் படிக்கும் மனிதர் வேண்டும்.

கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தாரின் ஆல்ஃபாபுரூஃப், மற்றொரு மென்பொருளோடு சேர்ந்து, 2024ஆம் ஆண்டு அனைத்துலகக் கணித ஒலிம்பியாடின் ஆறு வினாக்களில் நான்கிற்கு விடைகண்டு வெள்ளிப்பதக்க அளவை எட்டியது. ஆல்ஃபாபுரூஃப் தன் நிறுவல்களை லீனில் எழுதியது. அவ்வினாக்களை லீனின் மொழிக்கு மாற்றிக் கொடுத்தவர்களோ மனிதர்கள். செய்தித்தாள்கள் பதக்கத்தைப் பெரிதாகப் போட்டன. மொழிபெயர்ப்பாளர், வழக்கம்போல, கவனிக்கப்படவில்லை.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டையில் இரயிலேறினால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அபூர்வா கரே, சித்தார்த்த காட்கில் ஆகிய கணித அறிஞர்கள் பணியாற்றுகின்றனர். 2017 டிசம்பரில், குலம் எனப்படும் அமைப்புகளில் 'நீளம்' குறித்துக் கரே எழுப்பிய ஒரு வினாவை டெரன்ஸ் டாவோ பொதுவில் வைத்தார். பலரும் கைகொடுத்தனர். காட்கில் தாம் எழுதிய நிரலைக் கொண்டு, கணிப்பொறியே ஆக்கிய ஒரு நிறுவலை வெளியிட்டார். அது வினாவுக்கு முழு விடையன்று. குறிப்பிட்ட ஒரு மதிப்பு எந்த எல்லையைத் தாண்டாது என்று மட்டும் காட்டியது. மனிதருக்கென்று எழுதப்படாத அப்பனுவலைப் பிறர் பொறுமையோடு படித்தனர். அதற்குள் மறைந்திருந்த கருத்தைப் பிரித்தெடுத்தனர். அக்கருத்தைப் பொதுமைப்படுத்தவே வினா ஒரு வாரத்திற்குள் தீர்ந்தது. அறுவர் பெயரில் 2018இல் கட்டுரை வெளிவந்தது. காட்கில் பின்னர் லீனிலும் ஈடுபட்டு வருகிறார்.

எந்தக் கருவி சிறந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. துணைக்கு ஆள் வேண்டுமானால் லீன். நிறுவலின் எழுத்து நடையை அறிய விரும்பினால் இசபெல். இரண்டும் இலவசம். கெவின் பஸ்ஸார்ட் அமைத்த இயல் எண் விளையாட்டிலிருந்து தொடங்கினால், இரண்டும் இரண்டும் நான்கு என்பதை நிறுவுவது எத்தகைய வேலை என்று தெரியவரும்.

இவ்வட்டத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக் கூட்டங்களுள் ஒன்றை இவ்வூர்க் கணித ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்துவோம். நிரூபணமா நிறுவலா, அடிகோளா மெய்கோளா என்று சொற்களை முன்வைத்து அமர்வோம். அவர்கள் வரையறை சொல்லட்டும். நாம் சொல் தேடுவோம். முதற்கூட்டத்திற்குச் சுழியால் வகுத்தலையே எடுத்துக்கொள்ளலாம்.