செய்த கையின் பெயர்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்குச் சரக்குப் பெட்டிகள் புதியன அல்ல. அவற்றை ஏற்றி இறக்கி வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. ஒரு பெட்டியுடன் செல்லும் பத்திரத்தில் அனுப்புவோர் பெயர் உண்டு. பெறுவோர் பெயர் உண்டு. எடையும் எண்ணிக்கையும் உண்டு. அப்பொருளைச் செய்த கையின் பெயர் மட்டும் இராது. அதனால் விளையும் இழப்பு யாது என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

கோலாப்பூர்ச் செருப்பை அறிவீர்கள். 1902 இல் சாகு மகாராசர் அரசுப் பணிகளில் 50 விழுக்காடு இடங்களைப் பிற்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கிய மண் கோலாப்பூர். அங்கே தோல்தொழில் செய்யும் ஒடுக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்துவரும் செருப்பு அது. மராட்டியத்தில் 4 மாவட்டங்களுக்கும் கருநாடகத்தில் 4 மாவட்டங்களுக்கும் அதன் புவிசார் குறியீடு உரியது.

2025 சூன் திங்களில் இத்தாலி நாட்டுப் பிராடா நிறுவனம் மிலான் நகரில் அதே வடிவிலான செருப்பைக் காட்சிக்கு வைத்தது. அது எவர் கைத்திறன் என்று கூறவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே இந்தியக் கைவினையின் சாயலை ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் சிலர் மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளரே வழக்காட வரவேண்டும் என்று கூறி, நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது.

இளைஞர்களே, இதனைக் கருதிப் பாருங்கள். பதிவேட்டில் பெயரில்லாத மாணவன் எவ்வளவு படித்திருந்தாலும் தேர்வு எழுத இயலாது. பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவை இரு மாநிலத் தோல்தொழில் கழகங்களே. 2025 திசம்பரில் அக்கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் செய்துகொண்டது. 2,000 இணைகள் அங்கேயே செய்யப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஓர் இணையின் விலை ஏறத்தாழ 800 யூரோ, அதாவது 80,000 ரூபாய்க்கு மேல் என்று அறிவிக்கப்பட்டது.

இது நல்ல தொடக்கமே. எனினும் அத்தொகையில் தைத்தவர் கைக்கு எவ்வளவு சேரும்? பொருள் கைமாறும் ஒவ்வோரிடத்திலும் விலையும் பிடித்தமும் செய்தவர்க்குத் தெரியவேண்டும். அதுவே நேர்மையான வாணிகம். மற்றவையெல்லாம் விளம்பரம்.

தொலைவுக்குச் செல்ல வேண்டா. ஆம்பூரில் பெண்கள் வீட்டிலிருந்தே காலணியின் மேற்பகுதியைத் தைக்கின்றனர். இடைத்தரகர் வழியாக இணைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றனர். ஆலைப் பதிவேட்டில் பெயரில்லாதவர்க்குச் சேமநிதி ஏது? மருத்துவ உதவி ஏது?

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் வீட்டில் கூலிக்குத் தைப்பவர் இருந்தால், நாள், எண்ணிக்கை, கூலி மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். 1999 ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, பொருளைச் செய்வோரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்விண்ணப்பத்தை எழுத உதவுங்கள்.

நாளை உங்களுள் சிலர் ஏற்றுமதி அலுவலகங்களில் எழுத்தராக அமர்வீர்கள். பத்திரம் எழுதும்போது, செய்தவர் பெயர் எங்கே என்று ஒருமுறை கேளுங்கள். இச்சங்கம் 25 ஆண்டுகளாக நமக்கு எழுத்தறிவித்தது அதற்காகவே.