நீச்சலும் ஓர் அமானிதமே



2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார்களை இழந்தோம். அல்லாஹ்வின் கத்ரைப் பொருந்திக்கொள்கிறோம். எனினும், கடலும் களப்பும் சூழ வாழும் நாம் நம் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தோமா? “தண்ணீர்ப் பக்கம் போகாதே” என்ற அதட்டல் மட்டும் பாதுகாப்பாகுமா?

வீண் விளையாட்டில் சேராதவையென நபி (ஸல்) அவர்கள் எண்ணிய நான்கு காரியங்களுள் நீச்சல் கற்பதும் ஒன்றென ஹதீஸில் வந்துள்ளது.

நான்கு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் இதற்குத் தயாராகிவிடுவர். அலையும் நீரோட்டமும் இல்லாத ஆழம் குறைந்த நீரில், கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நில்லுங்கள். முதலில் நீருக்குள் மூச்சை ஊதிவிடவும், பின்னர் மல்லாந்து மிதக்கவும், அதன்பின் காலடித்து முன்னேறவும் பழக்குங்கள். அஞ்சும் பிள்ளையை நீரில் தூக்கிப் போடாதீர்கள், அச்சம் இரட்டிப்பாகும். பெண் பிள்ளைகளுக்கும் ஹயா பேணும் ஏற்பாட்டுடன் கற்றுக்கொடுங்கள்.

நீந்தத் தெரிந்த பிள்ளையையும் தனியே விடாதீர்கள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தமிடுவதில்லை.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். நம் கடமையைச் செய்வோம்; பின்னர் தவக்குல் வைப்போம். அல்லாஹ் அவர்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.