ஒலியை வரையும் கண்ணாடி

ஆர்மோனியம் வாசிப்பவருக்கு ஒரு குறை உண்டு. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே இன்னும் பல ஒலிகள் இருப்பதை அவர் செவி அறியும். விரலோ அவற்றைத் தொட இயலாது. பியானோவும் அத்தகையதே. இக்குறையைப் போக்க மாஸ்கோ நகரில் ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். அவர் பெயர் யெவ்கேனி மூர்ஸின்.

மூர்ஸின் இசைவாணர் அல்லர். இராணுவத்துக்குக் கருவிகள் அமைக்கும் பொறியியலாளர். ஆயினும் ருஷ்ய இசை மேதை அலெக்சாந்தர் நிகலாயெவிச் ஸ்க்ரியாபினிடம் அவருக்கு அளவிலாப் பற்று. 1938-ஆம் ஆண்டில் திட்டமிடத் தொடங்கி, 1950-களின் இறுதியில் கருவியை முடித்தார். அம்மேதையின் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே அதற்கு 'ஏ.என்.எஸ்.' எனப் பெயரிட்டார்.

அது இயங்கும் விதத்தைக் கேளுங்கள். கண்ணாடி வட்டத் தகடுகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் 144 வளையங்கள். தகடுகள் சுழலும்போது, அவற்றின் ஊடே செல்லும் ஒளி 720 வகையான வேகங்களில் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு தனி ஒலிக்கு உரியது. ஒரு ஸ்தாயிக்கு 72 படிகள், ஆர்மோனியத்திலோ பன்னிரண்டே! இவ்வொளியின் எதிரே கரிய பசை பூசிய ஒரு கண்ணாடிப் பலகை மெல்ல நகர்கிறது. பசையைச் சுரண்டிய இடத்தில் மட்டும் ஒளி புகுந்து, மின்சாரமாகி, ஒலியாகிறது. மேலும் கீழுமாக அளந்தால் சுருதி. இடமிருந்து வலமாக அளந்தால் காலம். சாய்கோடு வரைந்தால் ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும். பலகையை நிறுத்தினால் அந்த ஒலி நின்று நிலைக்கும்.

அப்படியானால் பாடகரும் வாத்தியக்காரரும் இனி வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். இக்கருவிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. எழுதாத பலகை ஊமையே. கமகத்தின் வளைவை மனத்தில் கேட்டறியாதவர் கை வரையும் கோடு வெறும் இரைச்சலாகவே முடியும். கேட்டறிந்த கை வரைந்தால் என்ன விளையும் என்பதற்கு, எதுவார்த் அர்த்தேமியெவ் இதனைக் கொண்டு 1972-இல் வெளிவந்த 'சொல்யாரிஸ்' திரைப்படத்துக்கு அமைத்த இசை சான்று.

மூர்ஸின் 1970-இல் மறைந்தார். கருவி மாஸ்கோவிலுள்ள இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அந்தக் கரிய பசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அது உலர்வதே இல்லை. பிழையாகச் சுரண்டிய இடத்தை விரலால் மூடிவிட்டு மீண்டும் வரையலாம். இயந்திரம் செய்தவர், மனிதன் பிழை செய்வான் என்பதை மறக்கவில்லை.